கீமோ ஊசிக்குப் பிறகு கவுண்ட் 31,000: எதிர்ப்பு சக்தி கூடிவிட்டதா?

ஜூன் 4, மாலை (வாசகர் கேள்வி)

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு வெள்ளணு 1,100-க்கு இறங்கிவிட்டது. தினமும் தோலுக்கடியில் ஒரு ஊசி போட்டார்கள். நேற்று வந்த ரிப்போர்ட்டில் 31,000. எதிர்ப்பு சக்தி சாதாரண அளவைவிட மூன்று மடங்கு ஆகிவிட்டது, இனிக் கல்யாணத்துக்கே கூட்டிப் போகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்த ஊசியை நாமும் போட்டுக்கொண்டால் சளி காய்ச்சலே வராது என்கிறார் சித்தப்பா. சரிதானா?

ஜூன் 4, இரவு

இரண்டும் சரியில்லை. கல்யாணத்துக்குப் போகலாமா என்பதை அம்மாவின் மருத்துவர் சொல்லட்டும். 31,000 என்ற எண்ணை மட்டும் பார்த்து வீட்டில் முடிவெடுக்காதீர்கள்.

போட்டது ஜி-சிஎஸ்எஃப் ஊசியாக இருக்கும், வெள்ளணுவைப் பெருக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் மருந்து. பெட்டியில் ஃபில்கிராஸ்டிம் என்ற மருந்துப் பெயர் இருக்கிறதா பாருங்கள். வெள்ளணுக்களில் பல வகை உண்டு. இந்த மருந்து பெருக்குவது முக்கியமாக ஒரு வகையை, பாக்டீரியாவோடு சண்டை போடும் நியூட்ரோஃபிலை. ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கைக்குக் கீழே சதவீதங்கள் வரிசையாக இருக்கும். அதில் நியூட்ரோஃபில் 85, 90 என்று நிற்கும். ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக அடையாளம் கண்டு நினைவில் வைக்கும் லிம்ஃபோசைட்டுகளைக் கீமோ எங்கே இறக்கியதோ, பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். சளிக்குக் காரணம் வைரஸ். அதற்கு நியூட்ரோஃபிலைக் கூட்டி என்ன பயன்?

இன்னொன்று, நியூட்ரோஃபிலின் ஆயுள் ரொம்பக் குறைவு. ரத்தத்தில் சில மணி நேரம் சுற்றிவிட்டுத் திசுவுக்குள் போய்விடும். ஊசியை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் கவுண்ட் பாதியாகிவிடும். எனவே 31,000 என்பதைச் சேமிப்பாக எண்ண வேண்டாம்.

ஊசி போட்டதற்குக் காரணம் வேறு. வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைக் கீமோ கொல்லும். மஜ்ஜையில் நியூட்ரோஃபிலைப் பிறப்பிக்கும் செல்களும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி. நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே கிடக்கும் நாட்களில் நம் குடலில் சாதுவாக இருக்கும் பாக்டீரியாவே ரத்தத்தில் இறங்கி உயிரை எடுக்கலாம். அந்த நாட்களைக் குறைப்பதற்குத்தான் ஊசி. சித்தப்பாவின் மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபிலைத் தானாகவே செய்துகொண்டிருக்கிறது. அவருக்கு எதற்கு?

ஜூன் 5, காலை

நேற்று விட்டுப்போன ஒன்று. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப் பார்க்கிற ஆள். இந்த ஊசி போட்டவர்களின் ஸ்மியர், அதாவது கண்ணாடியில் தடவிய ரத்தம், பார்த்த உடனே தெரிந்துவிடும். முற்றிய நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்திருக்கும். ஊசி போட்டவர்களிடம் உட்கரு லாடம் போல வளைந்த இளசுகள் நிறைய. அதற்கும் இளைய மைலோசைட்டுகள்கூட வெளியே வந்திருக்கும். செல்லுக்குள் இருக்கும் துகள்கள் கருநீலமாகத் தடித்துத் தெரியும்.

காரணம் அவசரம். கடைசிப் பிரிதல் முடிந்த பிறகு நியூட்ரோஃபில் நான்கைந்து நாள் மஜ்ஜையிலேயே இருந்து முற்றும். ஊசி போட்டால் அந்தக் காத்திருப்பு ஒரு நாள் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பிரிதல்களும் கூடுகின்றன, வெளியே அனுப்புவதும் முந்துகிறது.

ரத்தம் கொடுக்கும்போது சீட்டில் ஊசி விவரத்தை எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் வந்தால் பார்க்கிறவர் கடுமையான தொற்று என்றோ, அதைவிட மோசமாக எதையோ நினைத்தோ குறிப்பு எழுதிவிடுவார். வீட்டில் இரண்டு நாள் தூக்கம் போகும். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஜூன் 5, இரவு

“இந்த ஊசி மருந்தை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள்” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் மெட்காஃப் என்று ஒருவர் இருந்தார். 1960-களின் நடுவில் அவரும் ரே பிராட்லியும் எலியின் மஜ்ஜைச் செல்களை அகார் கூழில் வளர்த்தார்கள். கூழ் கெட்டியாக இருப்பதால் ஒரு செல்லுக்குப் பிறந்த பிள்ளைகள் கலைந்து போகாமல் அதே இடத்தில் கூட்டமாக நிற்கும். ஒவ்வொரு கூட்டமும் ஒரு செல்லின் வம்சம். கீழ் அடுக்கில் வேறு சில செல்களை வைத்தால்தான் மேலே கூட்டம் உண்டானது. அப்படியானால் கீழிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து வந்து ‘பெருகு’ என்று சொல்கிறது. அந்தப் பொருளைத் தேடியே அவருடைய வாழ்நாள் போனது. ஒன்று என்று நினைத்தது நான்காக இருந்தது. அதில் ஒன்றுதான் ஜி-சிஎஸ்எஃப். மனித ஜீன் 1986-இல் கையில் வந்தது. பாக்டீரியாவில் உற்பத்தி செய்த மருந்துக்கு 1991-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கூழில் கூட்டம் எண்ணத் தொடங்கியதிலிருந்து ஊசி வருவதற்குக் கால் நூற்றாண்டு. அவர் 2014-இல் இறக்கும்வரை செல்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தார் என்பார்கள். எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தப் பொறுமையின் மேல் பெரிய மரியாதை.

ஜூன் 8

“ஊசி போட்ட நாளிலிருந்து இடுப்பெலும்பு விண்விண் என்று வலிக்கிறது என்கிறார் அம்மா, பயப்படலாமா?”

எனக்கும் வலித்தது. இந்த ஊசியை நானும் போட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது மஜ்ஜை தானம் செய்ய முடியுமா என்று கூடப் பிறந்தவர்களுக்கு எல்லாம் எச்எல்ஏ (செல்களின் மேலுள்ள அடையாளப் புரதங்கள்) பொருத்தம் பார்த்தார்கள். ஒரே தாய் தகப்பன் பிள்ளைகளில் ஒருவருக்கு இன்னொருவர் முழுதாகப் பொருந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. நான் பொருந்தினேன்.

எலும்பைத் துளைத்து மஜ்ஜை எடுப்பார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். எங்கள் அம்மா அழுதுகொண்டே இருந்தார். இப்போது பெரும்பாலும் அப்படி எடுப்பதில்லை. நான்கைந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் போடுவார்கள். அளவு எடைக்கு ஏற்றபடி, ஒரு கிலோவுக்குச் சுமார் 10 மைக்ரோகிராம். எல்லா ரத்த அணுக்களையும் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, வேண்டிய அடுக்கை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு கை வழியாகத் திருப்பி விடுவார்கள். நான்கைந்து மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடு மரத்துப் போகும். கால்சியம் மாத்திரை தருவார்கள்.

வலி என்றால் இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, நெஞ்செலும்பு. பெரியவர்களுக்குச் சிவப்பு மஜ்ஜை தங்கியிருக்கும் இடங்களும் இவைதான். நெஞ்செலும்பு வலித்தபோது இதயமோ என்று ஒரு ராத்திரி பயந்தேன். படுத்தால் துடிப்பு எலும்புக்குள்ளேயே கேட்பது போலிருக்கும். பாராசிட்டமால் கேட்டது. ஊசி நின்றதும் ஓரிரு நாளில் வலியும் போய்விட்டது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். கீமோ நேரத்தில் பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். இடது விலாவுக்குக் கீழேயோ இடது தோளிலோ வலி வந்தால் அது வேறு விஷயம், மண்ணீரல் வீங்கியிருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

ஜூன் 8, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. ஸ்டெம் செல் “இறங்கிவிடும்” என்று ஒரே வார்த்தையில் கடந்துவிட்டேன். இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிக அழகாகப் படுவது அந்த இடம்தான்.

மஜ்ஜையில் உள்ள தாங்கு செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் சுரக்கும். ஸ்டெம் செல்லின் மேல் அதைப் பிடிக்கும் ஏற்பி சிஎக்ஸ்சிஆர்4. அந்தப் பிடி இருக்கும்வரை செல் மஜ்ஜையை விட்டு நகராது. ஜி-சிஎஸ்எஃப் இந்தப் பிடியைத் தளர்த்துகிறது. எப்படி? நேராக ஸ்டெம் செல்லிடம் போய் எதுவும் சொல்வதில்லை. ஜி-சிஎஸ்எஃப் ஏற்பியே இல்லாத ஸ்டெம் செல்களும், பக்கத்தில் ஏற்பி உள்ள செல்கள் இருந்தால், எலியில் ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. மருந்து சுற்றுப்புறத்தை மாற்றுகிறது. சிஎக்ஸ்சிஎல்12 சுரப்பு குறைகிறது, பிடி போகிறது, செல் கிளம்புகிறது.

பிறகு அண்ணனுக்கு என் செல்கள் இருந்த பையை ரத்தம் ஏற்றுவதுபோலக் கை நரம்பு வழியாகத்தான் ஏற்றினார்கள். எலும்பில் யாரும் எதையும் செலுத்தவில்லை. உடம்பு முழுக்கச் சுற்றிய செல்கள் மஜ்ஜையைத் தாமாகவே கண்டுபிடித்து உட்கார்ந்தன. வழிகாட்டியது அதே சிஎக்ஸ்சிஎல்12. என்னிடமிருந்து கிளம்புவதற்கு விட்ட பிடியை அண்ணனிடம் போய்ப் பிடித்துக்கொண்டன. நியூட்ரோஃபில் மூன்று நாள் தொடர்ந்து 500-க்கு மேல் நின்றால் ஒட்டிக்கொண்டது என்று கணக்கு. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் 500-ஐத் திருவிழாவாகக் கொண்டாடினோம்.

அண்ணன் இப்போது வேலைக்குப் போகிறார்.

ஜூன் 9

“சிஎக்ஸ்சிஆர்4 எச்ஐவி சம்பந்தப்பட்டது அல்லவா” என்று கேட்டவருக்கு: ஆம், சில வகை எச்ஐவி செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகளில் அது ஒன்று. அதை அடைக்க பெல்ஜியத்தின் லூவன் நகரத்து ரேகா ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்த ஒரு மருந்தை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுடைய வெள்ளணு எண்ணிக்கை சட்டென ஏறியது. எச்ஐவிக்கு அது மருந்தாக நிற்கவில்லை. பிடியை நேரடியாக அறுக்கும் மருந்தாக, பிளெரிக்ஸாஃபோர் என்ற பெயரில், 2008-இல் வந்தது. ஜி-சிஎஸ்எஃப் மட்டும் போட்டு ஸ்டெம் செல் போதாமல் போகிறவர்களுக்கு இப்போது அதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிராக, பிடி விடவே விடாத ஒரு பிறவி நோய் உண்டு, விம் நோய் என்று பெயர். சிஎக்ஸ்சிஆர்4 ஜீனில் கோளாறு. மஜ்ஜை நிறைய நியூட்ரோஃபில் இருக்கும், ரத்தத்தில் இருக்காது. இந்நோய் இருந்த ஒரு பெண்மணிக்கு ஒரு ஸ்டெம் செல்லில் குரோமோசோம் ஒன்று தற்செயலாகச் சிதறி, அந்தக் கெட்ட ஜீன் பிரதி அதோடு தொலைந்துபோனது. அந்த ஒரு செல்லின் வம்சம் மஜ்ஜையைப் பிடித்துக்கொண்டு நோயையே குணமாக்கிவிட்டது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்து ஆய்வாளர்கள் 2015-இல் இதை எழுதினார்கள். நான் இதை முதலில் படித்தபோது நம்பாமல் மறுபடி படித்தேன்.

ஜூன் 12

“கையில் முள் குத்தினால் அக்குளில் நெறி கட்டுகிறதே, அதுவும் வெள்ளணு பெருகுவதுதானா?” நல்ல கேள்வி. ஆனால் இது வேறு கூட்டம், வேறு கணக்கு.

நெறி என்று நாம் சொல்வது வீங்கிய நிணநீர் முடிச்சு. லிம்ஃபோசைட்டில் ஒரு வகையான டி செல்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அடையாளம் காணக்கூடியவை. குறிப்பிட்ட ஒரு கிருமித் துண்டுக்குப் பொருந்தும் டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அது உடம்பில் எங்கே சுற்றிக்கொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? முள் குத்தியதோ விரலில். இருவரும் சந்திக்க ஓர் இடம் வேண்டும். வாரச் சந்தை மாதிரிதான் நிணநீர் முடிச்சு: சரக்கும் அங்கே வரும், ஆளும் அங்கே வரும். காயத்திலிருந்து டென்ட்ரிடிக் செல் என்ற காவல் செல் கிருமித் துண்டைச் சுமந்துகொண்டு நிணநீர்க் குழாய் வழியாக வருகிறது. டி செல்கள் ரத்தத்திலிருந்து முடிச்சுக்குள் நுழைந்து, அரை நாள் ஒரு நாள் தேடிப் பார்த்து, பொருந்தாவிட்டால் அடுத்த முடிச்சுக்குக் கிளம்பிவிடுகின்றன.

லிம்ஃபோசைட் இப்படிச் சுற்றி வருகிறது என்பதே 1950-களின் கடைசியில்தான் உறுதியானது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலியின் பெரிய நிணநீர்க் குழாயைத் திறந்து வடியவிட்டார். ரத்தத்தில் லிம்ஃபோசைட் குறைந்துகொண்டே போனது. வடிந்த செல்களைத் திரும்ப ஏற்றினால் குறையவில்லை. புதிது புதிதாகப் பிறந்து சாகின்றன என்று அதுவரை நினைத்த செல்கள் உண்மையில் ஒரே கூட்டமாகத் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன.

சரி, வீக்கத்துக்கு வருவோம். முதலில் முடிச்சு வீங்குவது பெருக்கத்தால்கூட இல்லை. உள்ளே வருவது கூடுகிறது, வெளியேறும் வழி சில மணி நேரத்துக்கு அடைபடுகிறது. தூண்டப்பட்ட செல்லின் மேல் சிடி69 என்ற புரதம் ஏறி, வெளியே போக வழிகாட்டும் ஏற்பியை உள்ளே இழுத்துவிடுகிறது. அப்புறம்தான் பெருக்கம். பொருந்திய டி செல் ஒரு நாளில் இரண்டு முதல் நான்கு முறை பிரியும், நான்கைந்து நாள் இப்படியே. ஒன்று ஆயிரக்கணக்காகிறது. பிறகு வெளியேறும் ஏற்பி மறுபடி மேலே வருகிறது. இப்போது அதன் மேல் புதிய ஏற்பிகளும் இருக்கும், அவை வீங்கிய திசுவைத் தேடிப் போகச் சொல்கின்றன. வேலை முடிந்ததும் பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்துவிடும். மிச்சம் நினைவாக நிற்கும்.

மூன்று வாரம் தாண்டியும் கரையாத, வலியில்லாத, கல் போன்ற நெறி என்றால் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

ஜூன் 13

மேலே சொன்ன பெருக்கத்துக்கு ஒரு ராஜ்மா கதை உண்டு. 1960 வரை சின்ன லிம்ஃபோசைட் பிரியவே பிரியாது, அதன் கதை முடிந்துவிட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல் ரத்தச் செல்களை வளர்த்தபோது, சிவப்பணுக்களைத் திரட்டிக் கீழே இறக்குவதற்காகச் ராஜ்மாவின் சாறு ஒன்றைச் சேர்த்தார். ஃபைட்டோஹீமாகுளுட்டினின் என்று அதற்குப் பெயர். பிரியாத லிம்ஃபோசைட்டுகள் பிரிய ஆரம்பித்துவிட்டன. தூண்டியது அந்தச் சாறுதான் என்று கண்டுகொண்டார். இன்றும் குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் கூடத்தில் அதே பொருளைத்தான் சேர்க்கிறார்கள். அப்படித் தூண்டிய செல்கள் விட்ட திரவத்திலிருந்து 1976-இல் டி செல் வளர்ச்சிப் பொருள் ஒன்று கிடைத்தது, இன்று இன்டர்லூக்கின்-2 என்கிறோம்.

“அப்படியானால் ராஜ்மா சாப்பிட்டால்?” என்று கேட்க வேண்டாம். சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள அதே புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

ஜூன் 15

“ராஜ்மா மாதிரி எல்லா டி செல்லையும் ஒரே நேரத்தில் தூண்டும் மருந்து செய்தால் என்ன?”

செய்தார்கள். டி செல் பிரிய இரண்டு சைகைகள் வேண்டும். தனக்குரிய வடிவத்தைக் காண்பது ஒன்று, சிடி28 என்ற ஏற்பி வழியாக வரும் ஒப்புதல் இன்னொன்று. இரண்டாவது வராவிட்டால் செல் மரத்துப் போய்விடும். தவறாக நம் உடம்பையே தாக்காமலிருக்க இந்த ஏற்பாடு. முதல் சைகையே இல்லாமல் சிடி28-ஐ மட்டும் பிடித்து டி செல்லைக் கிளப்பும் டிஜிஎன்1412 என்ற மருந்தை 2006 மார்ச் 13-இல் லண்டன் நார்த்விக் பார்க்கில் ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-இல் ஒரு பங்குதான். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், அப்புறம் ரத்த அழுத்தம் விழுந்து, நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் தடுமாறின. ஆறு பேரும் பிழைத்தார்கள், ஒருவர் விரல்களை இழந்தார்.

அவர்களுடைய லிம்ஃபோசைட் எண்ணிக்கை அந்த மணி நேரங்களில் என்ன ஆனது தெரியுமா? ஏறவில்லை. கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. தூண்டப்பட்ட செல்கள் ரத்தத்தை விட்டுப் போய்விட்டன. அன்றைக்கு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்த ஒருவர் எதிர்ப்பு சக்தியே இல்லை என்றிருப்பார்.

“இம்யூனிட்டி பூஸ்டர்” என்று டப்பாவில் எழுதி விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். உடம்பு பாதி உழைப்பைத் தூண்டுவதற்குச் செலவழிக்கிறது என்றால் மீதியை அடக்குவதற்குச் செலவழிக்கிறது. சிடிஎல்ஏ-4 என்ற ஒரே ஒரு தடையை நீக்கிய எலிக்குட்டிகள் சில வாரங்களில் செத்தன, டி செல் பெருகி இதயத்துக்குள்ளும் கணையத்துக்குள்ளும் புகுந்துவிட்டதால்.

ஜூன் 16

கவுண்ட் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று பேர் ரிப்போர்ட்டைப் போட்டு “15,000 இருக்கிறது, நல்லதுதானே” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபிலைத்தான் நாங்கள் எண்ணுகிறோம். கிட்டத்தட்ட அதே அளவு நியூட்ரோஃபில் ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், அது எண்ணிக்கையில் வராது. மாடிப்படி ஓடி ஏறிவிட்டு ரத்தம் கொடுத்தால் ஒட்டியிருந்தவை கழன்று கவுண்ட் கூடும். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுத்தாலும் அப்படித்தான். கூடவே மஜ்ஜையிலிருந்தும் வெளியே வரும். ஆனால் ஸ்டீராய்டு சுவரில் ஒட்டுவதையே குறைக்கிறது, அதனால் காயத்துக்குள் போகிறவை குறைகின்றன. கவுண்ட் ஏறியிருக்கும்போதே பாதுகாப்பு இறங்கியிருக்கிறது!

இதன் கோரமான உருவம் லேட்-1 என்ற பிறவி நோய். நியூட்ரோஃபில் முதலில் குழாய்ச் சுவரில் உருளும், அப்புறம் இன்டெக்ரின் என்ற புரதத்தால் இறுக ஒட்டும், அப்புறம்தான் இடுக்கு வழியாக வெளியே நுழையும். இந்தக் குழந்தைகளுக்கு அந்த இன்டெக்ரினின் ஒரு பாதி, சிடி18, இல்லை. தொப்புள்கொடி ஒன்றிரண்டு வாரத்தில் விழ வேண்டியது ஒரு மாதமானாலும் விழாது, ஏனென்றால் அதை அறுப்பதும் நியூட்ரோஃபிலின் வேலை. புண் வரும், சீழ் வைக்காது. சீழ் என்பதே அங்கே போய்ச் செத்த நியூட்ரோஃபில்தானே. ரத்தத்தில் மட்டும் கவுண்ட் 50,000-க்கு மேல்கூட நிற்கும். அத்தனையும் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க, குழந்தை தொற்றில் போய்விடும். தீர்வு என் அண்ணனுக்குச் செய்தது போன்ற மாற்றுச் சிகிச்சைதான்.

எத்தனை இருக்கிறது என்பதைவிட, வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

ஜூன் 20

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். அம்மாவின் கவுண்ட் 9,400-க்கு இறங்கிவிட்டதாம், வீட்டில் எல்லோரும் பதறுகிறார்களாம். பதற வேண்டாம். ஊசி நின்றதால் இறங்கியது, 4,000 முதல் 11,000 வரை சாதாரணம்.

அடுத்த சுற்றுக்கு ஒரே ஊசியாகப் பெக்ஃபில்கிராஸ்டிம் தரப்போவதாகச் சொன்னார்களாம். அது நீண்ட நேரம் நிற்கும் அதே மருந்து. நியூட்ரோஃபிலே அதை விழுங்கி அகற்றும் என்பதால் கவுண்ட் ஏற ஏற மருந்து தானாகக் குறையும். கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்துத்தான் போடுவார்கள். முன்னதாகப் போட்டால் மஜ்ஜைச் செல்களைப் பிரியத் தூண்டி, பிரிகிற செல்லைக் கொல்லும் மருந்தின் முன்னால் நிறுத்தியதாகிவிடும். “சீக்கிரம் போட்டு அனுப்புங்கள், ஊருக்குப் போகணும்” என்று செவிலியரை அவசரப்படுத்தாதீர்கள்.

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 101 டிகிரி ஒருமுறை காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்றாலோ, ராத்திரி எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். நியூட்ரோஃபில் இல்லாதபோது சீழ் இருக்காது, வீக்கம் இருக்காது, காய்ச்சல் மட்டும்தான் சொல்லும்.

அடுத்த ரிப்போர்ட் வந்ததும் மொத்தத்தை மட்டும் எழுதாமல் நியூட்ரோஃபில் சதவீதத்தையும் எழுதுங்கள். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் வருவதைப் பார்த்துத்தான் மருத்துவர் கீமோவைத் தள்ளிப்போடுவதா என்று முடிவு செய்வார்.